சுப்பராமனுக்கு எடுத்து வைத்தது

எஞ்சினை நான்தான் தேர்ந்தெடுப்பேன். நான் மட்டும்தான்.

இப்படி ஒரு சபதத்தைக் குளியலறையில் எடுத்தேன். கதவைத் தாழிட்டு, ஷவரையும் திறந்துவிட்டு, கையை உயர்த்தி, உரக்க. வெளியே கேட்காது என்ற தைரியம்தான்.

"என்னங்க, உள்ள யாரோட பேசிட்டிருக்கீங்க?" என்றது ஜெயபாரதியின் குரல்.

"தொண்டையைக் கனைச்சேன்."

"கனைச்சது போதும், தண்ணிய நிறுத்துங்க. மோட்டார் போடணும்."

நிறுத்தினேன். சபதம் மட்டும் நிற்கவில்லை.

என் பெயர் ஜவஹர். வயது ஐம்பத்தாறு. தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. அங்கே சூட்டிங், ஷர்ட்டிங் பிரிவில் முப்பது வருடமாகத் தலைமை விற்பனையாளன். இந்த ஊரில் எத்தனையோ மாப்பிள்ளைகள் வரவேற்பு மேடையில் போட்டுக்கொண்டு நின்ற கோட்டு நான் பார்த்துக் கொடுத்த துணி. ஆனால் என் சட்டையை ஜெயபாரதிதான் எடுப்பாள். அதுவும் வேறு கடையில்.

சட்டை மட்டுமா? திருவான்மியூரில் இந்த ஃபிளாட், ஜன்னல் திரை, என் மூக்குக்கண்ணாடி, என் மருமகன், என் பல் டாக்டர், எல்லாம் அவள் தேர்வு. டாக்டர் பிடுங்கிய பல்கூட அவள் கை காட்டிய பல்தான். எனக்கு வலித்தது பக்கத்துப் பல். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்க ஒய்ஃப் சொன்னதுதான் கரெக்ட்" என்றார் டாக்டர். என் வாய்க்குள் இருக்கும் பல்லைப் பற்றி என்னைவிட அவளுக்கு அதிகம் தெரிந்திருக்கிறது. இதற்குமேல் ஒரு மனிதன் என்ன பேச முடியும்? வாயில் பஞ்சு வேறு.

ஆனால் ஒன்று. இந்த வாழ்க்கையில் நானே, என் சொந்தப் புத்தியில், யார் பேச்சையும் கேட்காமல் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு விஷயம் உண்டு. அது ஜெயபாரதி.

இருபத்தெட்டு வருடத்துக்கு முன்பு கோவில்பட்டிக்குப் பெண் பார்க்கப் போனோம். அம்மா பார்த்து வைத்திருந்தது வேறொரு பெண். அந்த வீட்டில் கேசரி, பஜ்ஜி எல்லாம் முடித்துக்கொண்டு திரும்பும்போது, பக்கத்துத் தெருவில் அப்பாவின் பழைய சிநேகிதர் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க நுழைந்தோம். தண்ணீர் கொண்டுவந்தது ஜெயபாரதி. செம்பை வாங்கினேன். குடிக்க மறந்துவிட்டேன். அதைப் பார்த்த அவளுடைய அப்பா, "மூத்தவ. தூத்துக்குடியில ஒரு பேங்க் மாப்பிள்ளைக்குப் பேசி வெச்சிருக்கு" என்று சொல்லி அவளை உள்ளே அனுப்பிவிட்டார். விடுவேனா? சாப்பிட மாட்டேன் என்று இரண்டு நாள் படுத்துவிட்டேன். (இரண்டாம் நாள் மட்டும் வெளியே போய் நாலு புரோட்டா சாப்பிட்டேன். படுப்பதற்குத் தெம்பு வேண்டாமா?) பேங்க் மாப்பிள்ளை தோற்றான், ஜவுளிக்கடை ஜவஹர் ஜெயித்தான். அவன் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஜெயித்தவனுக்குத் தோற்றவன் பெயர் எதற்கு?

அந்த வெற்றிக்குப் பிறகு இருபத்தெட்டு வருட இடைவெளி. இப்போதுதான் அடுத்தது. எஞ்சின்.

எஞ்சின் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். போன பொங்கல் லீவில் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோது ஒருவர் ரிமோட் விமானம் விட்டதைப் பார்த்தேன். தலைக்கு மேலே டர்ர்ர்ர் என்று கத்திக்கொண்டு ஒரு சுற்று சுற்றியது. கடற்கரையே அண்ணாந்து பார்த்தது. சுண்டல் விற்பவர்கூட வியாபாரத்தை விட்டுவிட்டுப் பார்த்தார். எனக்குள் என்னவோ ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் குக்கருக்கு ஒரு சத்தம் உண்டு, மிக்சிக்கு ஒரு சத்தம் உண்டு, வாஷிங் மெஷின் வேலை முடிந்ததும் பாட்டே பாடும். சத்தம் இல்லாமல் ஓடிக்கொண்டிருப்பது நான் ஒருவன்தான்.

ஒரு மாதம் யோசித்து, விமானம் செய்யும் மரச் சாமான் பெட்டி ஒன்றை வாங்கிவந்து கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். பதினேழு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. அதுதான் ஆபத்து. "நல்லாருக்கே, குடுங்க பாப்போம்" என்று உட்கார்ந்தாள்.

பால்சா மரம். அப்பளம் மாதிரி லேசு. முதல் நாளே என் கட்டைவிரலை இறக்கையோடு சேர்த்து ஒட்டிக்கொண்டேன். அரை மணி நேரம் நானும் ஐந்தடி இறக்கையுமாக ஹாலில் உட்கார்ந்திருந்தோம். நகப்பூச்சு எடுக்கும் திரவத்தைக் கொண்டுவந்து விரலை விடுவித்தவள், "இனிமே ஒட்டுறத நான் பாத்துக்கறேன், நீங்க படிச்சு மட்டும் சொல்லுங்க" என்றாள். மூன்று வாரத்தில் விமானம் தயார். மாம்பழ மஞ்சள் உடம்பு, அரக்கு பார்டர், வாலில் இரண்டு கோடு. முந்தானை மட்டும்தான் இல்லை.

பெட்டியில் எஞ்சின் வராது. அதை நாமேதான் வாங்க வேண்டும். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படிப் போட்டிருந்தது: "எண்ணெய் எஞ்சின் அல்லது பேட்டரி மோட்டார். உங்கள் விருப்பப்படி தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்."

உங்கள் விருப்பப்படி! இந்த வார்த்தைகளை என்னைப் பார்த்து யாரும் சொல்லி எத்தனை காலமாயிற்று! நாலு தடவை படித்தேன். கண்ணே கலங்கிவிட்டது. குளியலறைக்குப் போனேன். மற்றது உங்களுக்குத் தெரியும்.

எண்ணெய் எஞ்சின் என்பது எலுமிச்சம்பழ அளவில் ஒரு ராட்சசன். கத்தும், புகையும், விளக்கெண்ணெய் வாடையடிக்கும், பக்கத்தில் நிற்பவன் சட்டையில் துப்பும். பேட்டரி மோட்டார் சுத்தம். சுவிட்சைப் போட்டால் சுற்றும், நிறுத்தினால் நிற்கும். சத்தம் கிடையாது. அதாவது, என்னைப் போல. எனக்கு எது வேண்டும் என்று இனிமேல் நான் சொல்ல வேண்டுமா?

காலையில் இட்லியை வைத்துக்கொண்டே ஜெயபாரதி ஆரம்பித்தாள்.

"எது வாங்கப்போறீங்க?"

"யோசிச்சிட்டிருக்கேன்."

"கத்துறதா, கத்தாததா?"

"அதான் யோசிச்சிட்டிருக்கேன்னு சொல்றேன்ல."

"ரெண்டுல எது நல்லதுன்னு யாரையாவது கேட்டீங்களா?"

"எனக்கே தெரியும்."

"சரிங்க. உங்க இஷ்டம்."

கையில் எடுத்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். அவள் வேண்டாம் என்று சொன்னால் சமாளிக்கலாம். உங்க இஷ்டம் என்று சொல்லிவிட்டால் பிழைக்க வழியே இல்லை. போன தடவை அவள் அப்படிச் சொன்னபோது எனக்கு மருமகன் வந்தார்.

முந்திக்கொள்ள வேண்டும் என்று தீர்மானித்தேன். அன்று சாயங்காலமே கொட்டிவாக்கம் குப்பத்துக்குப் போனேன். அங்கே ஆண்டனி என்று ஒருவன், படகு எஞ்சின் ரிப்பேர் செய்வதில் சூரன். அவன் மனைவி ஜெசிந்தாதான் எங்கள் வீட்டுக்குத் தினமும் மீன் கொண்டுவருபவள். (இதில் இருக்கும் ஆபத்தை நீங்கள் இப்போதே கவனித்திருப்பீர்கள். நான் கவனிக்கவில்லை. உங்களுக்கு மூளை இருக்கிறது.)

"இன்னா சார், பொம்ம ஏரோப்ளேனுக்கு எஞ்சினா? எம்மாம் சைசு?" என்றான் ஆண்டனி.

"எலுமிச்சம்பழம்."

"எண்ணெயா, கரண்டா?"

"ரெண்டும் கிடைக்குது. நீதான் சொல்லணும்."

ஆண்டனி ஸ்பேனரைக் கீழே வைத்தான். "சார், எஞ்சின்னா கத்தணும் சார். கத்தாத எஞ்சின் இன்னா எஞ்சினு? என் போட்டு வந்துகினு இருக்கசொல்லோ கரைல கீற அத்தினி பேருக்கும் தெரியணும், ஆண்டனி வர்றான்னு. அதான் சார் கெத்து."

"அதேதான் ஆண்டனி! அதேதான்!" அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. உடம்பெல்லாம் கிரீஸ், அதனால் விட்டுவிட்டேன்.

"நீ எண்ணெ எஞ்சினே வாங்கியா சார். நான் ஓட்டிப் பழக்கித் தரேன். வெரலு மட்டும் உஷாரு. அந்த விசிறிய வெரலால தட்டித்தான் ஸ்டார்ட் பண்ணணும். இத்த பாரு." வலது ஆள்காட்டி விரலைக் காட்டினான். நகம் பாதிதான் இருந்தது. "சின்ன எஞ்சினுதான் சார், கட்ச்சிட்ச்சு."

என் ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டேன். முப்பது வருடமாகத் துணியைத் தடவியே ரகம் சொல்லும் விரல். ஆனாலும் வீரத்தை விடவில்லை. "கடிக்கட்டும். எஞ்சின்னா அப்படித்தான். வீட்டுல மட்டும் தெரிய வேண்டாம் ஆண்டனி."

"ஐய, நான் யார்கிட்ட சார் சொல்லப்போறேன்? எங்கூட்டு ஜெசிந்தாகிட்ட மட்டும்தான் சொல்வேன். அவ வாயே தொறக்க மாட்டா."

நிம்மதியாக வீடு திரும்பினேன்.

மறுநாள் காலை. நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஜெசிந்தா மீன் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். "யக்கா, இன்னிக்கி சங்கரா கீது, நெத்திலி கீது" என்று உரக்க ஆரம்பித்த குரல் போகப்போகத் தேய்ந்து கிசுகிசுவானது. ஒரு கிலோ சங்கராவுக்கு இவ்வளவு ரகசியம் ஏன் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். "வெரலு" என்று ஒரு சொல் காதில் விழுந்தது. புது மீன் ஏதோ என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெயபாரதி கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"என்னங்க, நான் யோசிச்சுப் பாத்தேன். எண்ணெய் எஞ்சினே வாங்கிடுங்க."

பேப்பர் கையிலிருந்து நழுவியது. "ஏன்?"

"கம்பீரமா இருக்கும்ல. பேட்டரின்னா டேபிள் ஃபேன் மாதிரி. அது உங்களுக்கு அழகா?"

"எண்ணெய் தெறிக்குமே பாரதி."

"துடைச்சுக்கலாம்."

"வாடை வரும்."

"கொசு வராது."

"மேல் வீட்டு மேகலா சத்தத்துக்குச் சண்டைக்கு வருவாங்க. அசோசியேஷன் செக்ரட்டரி வேற."

"வரட்டும், நான் பேசிக்கறேன். எண்ணெய் எஞ்சின்தாங்க. நான் முடிவு பண்ணிட்டேன்."

நான் முடிவு பண்ணிட்டேன். மூன்றே மூன்று சொல். அந்த மூன்று சொல்லில் என் ராட்சசன் செத்துவிட்டான்.

நீங்களே சொல்லுங்கள். இப்போது நான் எண்ணெய் எஞ்சின் வாங்கினால் அது யார் தேர்வு? பல், மருமகன், ஜன்னல் திரை, எஞ்சின் என்று பட்டியலில் சேர்ந்துவிடும். அது வானத்தில் கத்தும்போதெல்லாம் ஜெயபாரதி, ஜெயபாரதி என்றே என் காதில் கேட்கும். வாங்காமல் விட்டால் என் ஆசை போயிற்று. இரண்டு நாள் தூக்கமில்லை. சத்தம் பெரிதா, சுதந்திரம் பெரிதா? சுதந்திரம்தான் என்று மனசு சொன்னது. ஆனால் பேட்டரி மோட்டாரை நினைத்தாலே அழுகை வந்தது.

சனிக்கிழமை வந்தது. காலையில் கடையில் ஒரு சம்பவம். இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

எங்கள் அலமாரியில் தவிட்டு நிறத்தில் ஒரு சூட்டிங் இரண்டு வருடமாகப் படுத்துக் கிடந்தது. நீல நிறம் கேட்டு ஒருவர் வந்தார். நீலத்தை எடுத்துப் போட்டேன். "சார், இதைவிட்டா உங்களுக்கு வேற துணியே கிடையாது" என்று ஒரேயடியாகப் புகழ்ந்தேன். அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அளவுக்கு மீறிப் புகழ்ந்தால் யாருக்கும் வரும். அடுத்து ஒரு சாதாரண சாம்பல் நிறம் காட்டினேன். உதட்டைப் பிதுக்கினார். மூன்றாவதாகக் கை தவறி எடுப்பதுபோல் தவிட்டு நிறத்தை எடுத்து, "அடடா, இது ஒரு டாக்டர் எடுத்து வெச்சது" என்று அவசரமாக உள்ளே தள்ளினேன். முடிந்தது. "எங்க, அதைக் காட்டுங்க" என்று கவுன்டருக்கு மேல் ஏறாத குறை. டாக்டரைத் திட்டிக்கொண்டே வாங்கிப்போனார். டாக்டரும் கிடையாது, ஒருவரும் கிடையாது. முப்பது வருடத்தில் இந்த வித்தை ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை. கல்யாணமான புதிதில் இதை ஜெயபாரதியிடம் பெருமையாகச் சொன்னேன். தாடையில் கை வைத்துக்கொண்டு, "அப்படியாங்க!" என்று ஆச்சரியமாகக் கேட்டாள்.

அந்தப் பெருமையோடே சாயங்காலம் மயிலாப்பூர் போனேன். லஸ் பக்கம் ஒரு மாடியில் காதரின் கடை. குட்டி விமானங்களும் குட்டிப் படகுகளும் கூரையிலிருந்து தொங்கும். விமானச் சாமான் வாங்கியதும் அங்கேதான்.

"வாங்க சார், எஞ்சினா?" என்றார் காதர். முதலில் எண்ணெய் எஞ்சினை எடுத்து வைத்தார். பளபளவென்று இருந்தது. தொட்டேன், குளிர்ந்தது. "இதான் சார் உங்களுக்கு. இதுக்கு மேல ஒண்ணுமே இல்ல. கண்ண மூடிக்கிட்டு எடுத்துக்குங்க" என்றார்.

இவருமா! எல்லாருமே இதையே என் தலையில் கட்டப் பார்க்கிறார்களே என்று எரிச்சலாக வந்தது. "வேற?"

ஒரு சின்ன மோட்டார் காட்டினார். "இது குழந்தைங்க பொம்மைக்கு சார். சுமாராத்தான் இருக்கும்."

"வேற?"

காதர் அலமாரியில் துழாவினார். ஒரு கறுப்புப் பெட்டி கையோடு வந்தது. அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் அவசரமாகத் திரும்ப உள்ளே வைத்தார்.

"அது என்ன?"

"அது வேணாம் சார். சுப்பராமன் சாருக்கு எடுத்து வெச்சது."

"எந்தச் சுப்பராமன்?"

"கோபாலபுரம் சார். பெரிய வீடு, வாசல்ல மாமரம். நாப்பது வருஷமா விமானம் விடுறாரு. இந்த லைன்ல அவருக்குத் தெரியாதது இல்ல."

"காட்டுங்க, பார்ப்போம்."

"வேணாம் சார், கோச்சுக்குவாரு."

"பார்க்கத்தானே கேக்கறேன்?"

தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தார். திறந்தேன். பேட்டரி மோட்டார்! "நாற்பது வருஷ அனுபவஸ்தர் பேட்டரியா விடுறார்?"

"விவரம் தெரிஞ்சவங்க எல்லாம் இப்ப இதுக்கு மாறிட்டாங்க சார். சத்தத்துக்கு ஆசைப்படுறது புதுசா வர்றவங்கதான்."

என் முகம் சிவந்தது. "இதே மாதிரி இன்னொண்ணு?"

"மூணு மாசம் ஆகும் சார்."

இந்த இடத்தில் நீங்கள் சிரிக்கிறீர்கள். காலையில் தவிட்டு நிறம் விற்றவன் சாயங்காலம் இப்படி நிற்கலாமா என்று கேட்கிறீர்கள். ஐயா, ஊசி போடுகிற நர்ஸுக்கே ஊசி போட்டால் வலிக்காதா? அதுவும் அங்கே சீட்டு இருந்தது. பழுப்பு நிற டேப்பில், பச்சை மையில், "சுப்பராமன்" என்று எழுதிய நிஜமான சீட்டு. நான் வாயால்தான் டாக்டர் என்பேன், எழுதி ஒட்டியதில்லை. எழுதி ஒட்டியிருந்தால் அது உண்மையாகத்தானே இருக்க வேண்டும்? கோபாலபுரத்து மாமரத்தடியில் அந்தச் சுப்பராமன் என்னைப் பார்த்து ஏளனமாகச் சிரிப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

"பில் போடுங்க" என்றேன்.

"சார், அவரு வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"ஜவஹர் தூக்கிட்டுப் போயிட்டான்னு சொல்லுங்க!"

அடுத்தவனுக்குப் பேசி வைத்ததைத் தூக்கிவருவது இந்தக் கைக்குப் புதிதல்லவே. மாடிப்படியை இரண்டிரண்டாக இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியை மேஜைமேல் வைத்தேன். "பேட்டரி மோட்டார். நானே தேர்ந்தெடுத்தேன்."

ஜெயபாரதியின் முகம் வாடியது. "ஐயோ, எண்ணெய் எஞ்சின்னு ஆசையா சொன்னேனேங்க."

"சொன்னே. நான் கேக்கல. சில விஷயத்துல நான் யாரு பேச்சையும் கேக்க மாட்டேன் பாரதி."

"இவ்வளவு பிடிவாதமா உங்களுக்கு?"

"அது உனக்குத் தெரியாதா? உன்னையே எப்படிக் கட்டினேன்?"

"அதுவும் சரிதான்" என்று தலையைக் குனிந்துகொண்டு சமையலறைக்குள் போனாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். பாவமாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி, கொட்டிவாக்கம் கடற்கரை. வலைகளைத் தாண்டிக் காலியாக இருந்த மணலில் கூடினோம். ரிமோட்டைச் சொல்லிக்கொடுக்கக் காதர் வந்திருந்தார். ஆண்டனி விமானத்தைத் தூக்கிக்கொண்டு நின்றான். ஜெயபாரதியும் ஜெசிந்தாவும் கவிழ்த்துவைத்த படகின்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா சார், சத்தமே வரல? மோட்டார் செத்துட்ச்சா?" என்றான் ஆண்டனி.

"ஓடிட்டுத்தான் இருக்கு. எறி!"

வலை வீசுகிற மாதிரி நாலடி ஓடி எறிந்தான். மஞ்சள் விமானம் மணலை ஒட்டிப் போய், தயங்கி, பிறகு அலைக்கு மேலே எழும்பியது. காதர் கையிலிருந்து ரிமோட் என் கைக்கு வந்தது. இடப்பக்கம் திருப்பினேன். இடப்பக்கம் திரும்பியது! என் பேச்சைக் கேட்டு ஒன்று திரும்புகிறது! இரண்டு காக்கைகள் அதைத் துரத்திவிட்டு, அரக்கு பார்டரைப் பார்த்தோ என்னவோ மரியாதையாக விலகிப்போயின. மூன்று சுற்று. காற்றுச் சத்தமும் அலைச் சத்தமும் தவிர ஒன்றுமில்லை. அதனால்தான் பின்னால் ஜெயபாரதி கைதட்டியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. எண்ணெய் எஞ்சினாக இருந்திருந்தால் அது கேட்டிருக்காது. உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

கருவாட்டுப் பாயின்மேல் இறக்கினேன். இறக்க நினைத்த இடம் அது இல்லை. ஜெசிந்தா திட்டவில்லை, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஜெயபாரதியின் தோளில் சாய்ந்து சிரித்தாள். என் வெற்றியில் எல்லாருக்கும் எவ்வளவு மகிழ்ச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் சாப்பாட்டுக்கு முன்பு மோட்டாரைக் கழற்றி, கருவாட்டுத் தூள் போகத் துடைத்து, பெட்டியில் வைத்தேன். சுப்பராமன் சீட்டு இன்னும் பெட்டிமேல் ஒட்டியிருந்தது. கிழித்துப் போட மனமில்லை. அது என் வெற்றிக் கொடி. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே, அப்பளம் பொரிந்துவிட்டதா என்று பார்க்கச் சமையலறைக்குள் போனேன்.

அலமாரியில் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. து. பருப்பு. உ. பருப்பு. பழுப்பு நிற டேப், பச்சை மை. ஜெயபாரதி 'ப' போட்டால் அடியில் ஒரு குட்டிக் கொக்கி இருக்கும். உளுத்தம்பருப்பைப் பார்த்தேன். சுப்பராமனைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் அதே கொக்கி.

"பாரதி."

"தட்டு போட்டாச்சு, வாங்க."

உட்கார்ந்தேன். பெட்டியை அவள் முன்னால் வைத்தேன். அவள் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சோற்றைப் போட்டாள்.

"நீ எப்ப காதர் கடைக்குப் போனே?"

"வெள்ளிக்கிழமைங்க. கபாலி கோயிலுக்குப் போனேன்ல, அப்படியே."

"எதுக்கு?"

"ஜெசிந்தா வந்து ஆண்டனி விரலைப் பத்திச் சொன்னா. உங்க கட்டைவிரலே ஒரு தடவை இறக்கையோட ஒட்டிக்கிச்சு. சுத்துற விசிறியில நீங்க கை வெச்சா என்ன ஆகும்? வேண்டாம்னு நான் சொன்னா நீங்க அதைத்தான் வாங்குவீங்க."

அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. என் கட்டைவிரலை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். ஆனால் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே.

"என் வித்தையை என்கிட்டயே காட்டியிருக்கே. நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தது!"

"நீங்க சொல்றதுக்கு முன்னாடியே தெரியுங்க. எங்கப்பாவும் ஜவுளிக்கடைதானே."

"அப்ப தாடையில கை வெச்சுக்கிட்டு 'அப்படியாங்க'ன்னு கேட்டியே?"

"புதுசா கல்யாணமானவரு ஆசையா சொல்றீங்க, தெரியும்னு சொல்லலாமா?"

மீன் குழம்பை ஊற்றினாள். பிசைந்தேன். கோபம் வரவில்லை. போகட்டும், ஒரு மோட்டார்தானே. என் தேர்வு என்று சொல்லிக்கொள்ள இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது, எதிரே உட்கார்ந்திருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

"அது சரி, யாரு இந்தச் சுப்பராமன்?"

"யாரும் இல்லைங்க. எங்கப்பா கடையில, எடுத்து வெச்சதுன்னு சொல்லி எதையாவது தள்ளிவிடணும்னா அந்தப் பேரைத்தான் எழுதி ஒட்டுவாரு. ராசியான பேருன்னு சொல்வாரு."

சோற்றில் என் கை நின்றது. கோவில்பட்டி வீடு, தண்ணீர்ச் செம்பு, "பேசி வெச்சிருக்கு" என்று சொல்லி அவளை உள்ளே அனுப்பிய மாமனார், எல்லாம் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்து நின்றது.

"பாரதி."

"ம்."

"அந்தத் தூத்துக்குடி பேங்க் மாப்பிள்ளை... அவரு பேரு என்ன?"

வறுத்த மீனில் நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து என் தட்டில் வைத்தாள்.

"சுப்பராமன்தாங்க. முள் பார்த்துச் சாப்பிடுங்க."